எளிய வீரனும் அவன் கிளைவகைகளும்: பழைய மரபுப் பாத்திர விளையாட்டின் விதிநூல்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

இலக்கணம் கற்பிப்போர் விதி, விலக்கு, புறனடை ஆகிய மூன்றின் உறவை நன்கறிவர். விதி பொதுவாகச் செல்லும். விலக்கு அதனைச் சில இடங்களில் தடுக்கும். நூல் சொல்லாது விட்டவற்றைப் புறனடை தழுவிக்கொள்ளும். புறனடைக்கு இடம் வைக்காத இலக்கணம் வாழும் மொழியைத் தாங்காது. இவ்வுறவை, நம் துறையினர் அவ்வளவாகக் கவனம் செலுத்தாத வேறொரு வகை நூலிலும் காணலாம். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதை வளர்க்கும் பாத்திர விளையாட்டின் விதிநூலே அது. அவர்களுள் ஒருவர் நடுவர். அவர் இடத்தையும் எதிரிகளையும் விவரிப்பார்; மற்றையோர் தத்தம் மாந்தர் செய்வதைச் சொல்வர்; ஐயம் நேரும் இடத்தில் பகடை உருளும். கதை மேசையில் பிறந்து அங்கேயே மறைந்துவிடுகிறது. எழுத்தில் எஞ்சுவது விதிநூல் மட்டுமே. எனவே திறனாய்வு கைக்கொள்ளக்கூடிய பனுவலும் அதுவேயாகும்.

இவ்விதிநூல்களில் போர்வீரன் என்னும் பாத்திர வகைக்கு வகுக்கப்பட்ட கிளைவகைகளை ஆராய்ந்து, நல்ல கிளைவகைக்குரிய இயல்புகளை நிறுவ முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1974 தொடங்கி எண்பதுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் தோன்றிய விதிநூல்களும், 2006ஆம் ஆண்டிற்குப் பின்னர் அம்மரபை மீட்டெடுத்த நூல்களும் ஈண்டு முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன.

இவ்வினா எனக்கு எழுந்தது நூலகத்தில் அன்று. முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாட்டில் தங்கியிருந்த காலத்தில், மாணவர் பொது அறையில் வாரம் ஒருமுறை நடந்த ஆட்டத்தில் நானும் கலந்துகொண்டேன். ஒருநாள், எளிய போர்வீரனை ஏற்றிருந்த மாணவி ஒருவர், மேசையை உதைத்துத் தள்ளி அதன்மேல் எரியும் விளக்கை எதிரிகளின்மீது கவிழ்க்க விரும்பினார். நடுவர் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்குரிய தனித்திறன் அவருடைய வீரனிடம் இல்லை என்றார். மாணவி வாளால் வெட்டுவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினார். அன்று அவர் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. விதி ஒன்று ஒருவருக்குத் திறனை வழங்கும்போது மற்றவரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்னும் கேள்வி அன்று தொடங்கியது.

முதல் வீரன்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் இயற்றிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. சிறு படையுருக்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டான செயின்மெயில் (1971) அதற்கு முன்னோடியாகும். 1974ஆம் ஆண்டு நூல் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வகையினரை வகுத்தது.

இம்மூவருள் வீரனுக்குரிய பகுதி மிகச் சிறியது. மந்திரவாதிக்கு மந்திரப் பட்டியல் உண்டு, சமயகுருவுக்கும் அவ்வாறே. வீரனுக்கு அத்தகைய பட்டியல் ஏதுமில்லை. ஆயினும் அவன் வெறுமையானவன் அல்லன். எல்லாப் படைக்கலங்களும் கவசங்களும் அவனுக்கு உரியன. மந்திர வாள் அவன் ஒருவனுக்கே உரியது. மந்திரப் பொருள்களுக்கான நூற்றுக்கூற்று அட்டவணையில் 20 கூறு வாள்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நோக்க, இவ்வுரிமையின் பெறுமதி விளங்கும். அவ்வாள்களுக்கு அறிவும் மனவுறுதியும் அறச்சார்பும் இருந்தன; தன்னை ஏந்துபவனோடு மாறுபட்டு அவனை அடக்கவும் வல்லன. ஒன்பதாம் படிநிலையை எய்தி அரண் அமைத்த வீரன் ஒரு நிலப்பகுதிக்குத் தலைவனாகிக் குடிகளிடம் வரி பெறுவான்.

இவற்றை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். முதல் வீரனின் சிறப்பு அவனுடைய உடலுக்குள் எண்ணாக வைக்கப்படவில்லை. வாளோடும் நிலத்தோடும் குடிகளோடும் அவனுக்குள்ள உறவிலேயே அது வைக்கப்பட்டிருந்தது. பின்வந்த கிளைவகைகளை மதிப்பிடுதற்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

உறவு போய் எண் வந்தது

1975இல் வெளிவந்த கிரேஹாக் என்னும் முதல் துணைநூல் திருடன் என்னும் புதிய வகையைச் சேர்த்தது. மந்திர வாளை ஏந்தும் உரிமை திருடனுக்கும் வழங்கப்பட்டது. வீரனின் தனியுரிமை ஒரு வரியில் அகன்றது. அதற்கு ஈடாக அதே நூல் வீரனுக்கு எண்முகப் பகடையை உயிர்ப்புள்ளிக்காக அளித்தது. வலிமை 18 பெற்ற வீரர் மட்டும் நூற்றுக்கூற்றுப் பகடையை உருட்டி மேலும் வலிமை பெறலாம் என்றும் விதித்தது.

இவ்வீட்டைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். மூன்று அறுமுகப் பகடைகளில் 18 விழும் வாய்ப்பு 216இல் ஒன்று. ஆகவே வாள் பற்றிய தனியுரிமையை எல்லா வீரரும் இழந்தனர். மிகுவலிமையைப் பெற்றவரோ 216 பேரில் ஒருவர். மேலும், அவ்வாறு பெற்றவருக்கும் மேசையில் புதிய தேர்வு எதுவும் கிட்டவில்லை. அவர் முன்பு செய்ததையே செய்தார். சற்றுக் கடுமையாகச் செய்தார்.

இப்போக்கின் முதிர்ந்த வடிவத்தை 1985இல் வந்த அன்எர்த்ட் ஆர்க்கானா என்னும் நூலின் படைக்கலத் தேர்ச்சி விதியில் காணலாம். வீரன் ஒரு படைக்கலத்தைத் தேர்ந்து அதில் தேர்ச்சி பெறின், தாக்கும் உருட்டலில் 1, சேதத்தில் 2 எனக் கூடுதல் பெறுவான். அடிகளின் எண்ணிக்கையும் மிகும். வீரன் வலுவிழந்துவிட்டான் என்னும் குறையை இவ்விதி உண்மையில் தீர்த்தது. அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அதன் விளைவையும் நோக்க வேண்டும். நீள்வாளில் தேர்ச்சி பெற்றவன் பாழடைந்த கல்லறையில் கிடைக்கும் மந்திரக் கோடரியை ஏறிட்டும் பாரான். 1974இல் எல்லாப் படைக்கலத்தையும் ஏந்துவதே வீரனின் சிறப்பாக இருந்தது. பதினோராண்டில் ஒரே படைக்கலத்தைப் பற்றிக்கொள்வது அவன் சிறப்பாயிற்று. உலகம் அவன்முன் வைக்கும் பொருள்கள் அவனுக்குப் பொருளற்றுப் போயின.

நோன்பின் விலையைச் செலுத்துபவர் யார்?

எண்ணைக் கூட்டுவதற்கு மாறாக, நோன்பால் கிளைவகையை அமைப்பது இரண்டாம் நெறி. பாலடின் இதற்குச் சிறந்த சான்று. சார்லமேன் மன்னரைச் சூழ்ந்த கதைகளிலிருந்து பெயர் பெற்ற இவ்வறவீரன் கிரேஹாக் நூலில் தோன்றி, 1978ஆம் ஆண்டின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் முழுவடிவம் எய்தினான். தொட்டுக் குணமாக்கும் ஆற்றலும் நோயணுகா உடலும் அவனுக்கு உண்டு. அவற்றுக்கு ஈடாக வருவாயில் பத்திலொரு பங்கை அறத்திற்கு ஈய வேண்டும்; பத்து மந்திரப் பொருள்களுக்குமேல் வைத்திருத்தல் கூடாது; அறம் பிறழ்ந்தால் நிலை இழப்பான்.

இந்நோன்புகளின் அழகு, அவை மேசையில் தேர்வுகளாக மாறுவதில் உள்ளது. பதினோராம் மந்திரப் பொருள் கைக்கு வரும்போது பாலடின் எதையேனும் பிறருக்கு ஈந்தாக வேண்டும். யாருக்கு ஈவது, எதனைக் கைவிடுவது என்பன கதை வளர்க்கும் கேள்விகள். இவற்றின் விலையை அவனே செலுத்துகிறான். தோழர் பயன் பெறுகின்றனர்.

ஆயினும் பாலடினின் அமைப்பில் ஒரு வழுவும் உண்டு. கவர்ச்சிப் பண்பில் 17 பெற்றவரே பாலடின் ஆகலாம் என்பது விதி. மூன்று பகடைகளில் 17 அல்லது 18 விழும் வாய்ப்பு 216இல் 4. அதாவது 54இல் ஒன்று. அரிதாக்குவதன்மூலம் வலிமையைச் சமன்செய்யலாம் என்று நூலாசிரியர் கருதினர் போலும். அருமை என்பது பல மேசைகளைக் கூட்டிப் பார்ப்பவருக்குத் தெரியும் உண்மை. பாலடின் வந்துவிட்ட மேசையில் அவனருகே அமர்ந்திருக்கும் எளிய வீரனின் ஆட்டக்காரருக்கு அந்த அருமையால் ஆறுதல் ஏதுமில்லை.

ரேஞ்சர் 1975இல் தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ என்னும் இதழில் ஜோ ஃபிஷரால் வகுக்கப்பட்டவன். டோல்கீன் படைத்த அரகோர்னின் சாயலை அவனிடம் எளிதிற் காணலாம். 1978ஆம் ஆண்டு நூலின்படி தானும் தன் குதிரையும் சுமக்கக்கூடியதற்குமேல் அவன் உடைமை கொள்ளலாகாது. எட்டாம் படிநிலை வரை ஆள்களை அமர்த்தலாகாது. மூவர்க்கு மேற்பட்ட ரேஞ்சர்கள் சேர்ந்து செல்லலாகாது. பொன் தேடிச் செல்லுதலையே அடிப்படையாகக் கொண்ட ஆட்டத்தில், பொன்னைச் சேர்த்துவைக்க இயலாத ஒருவனை நிறுத்தியது நல்ல கற்பனை. அரண் கட்டும் எளிய வீரனுக்கும் நாடோடியான ரேஞ்சருக்கும் உள்ள வேறுபாடு எண்களால் ஆனதன்று. நிலத்தோடு கொள்ளும் உறவால் ஆனது.

நோன்பு நெறி வழுவிய இடங்களும் உள. அன்எர்த்ட் ஆர்க்கானாவில் இடம்பெற்ற பார்பேரியன் மந்திரத்தை வெறுப்பவன். மந்திரப் பொருள்களை அழித்தால் அவனுக்குப் பட்டறிவுப் புள்ளிகள் கிட்டும். தொடக்கப் படிநிலைகளில் மந்திரவாதியோடு சேர்ந்து செல்லான். கதைமாந்தன் என்ற அளவில் இவன் சுவையானவன். ஆனால் ஆட்டம் கூட்டு முயற்சி. இவனுடைய நோன்பின் விலையைச் செலுத்துபவர் மந்திரவாதியை ஏற்றிருக்கும் தோழர். அதே நூலின் கவலியர், எதிரியைக் கண்டவுடன் பாய்ந்து தாக்க வேண்டியவன். அவனுடைய மானத்தின் விலையைப் பின்னால் நிற்கும் அனைவரும் குருதியால் செலுத்துகின்றனர். தான் செலுத்தும் விலை குணத்தைக் காட்டும். பிறரைச் செலுத்தச் செய்யும் விலை பூசலை வளர்க்கும். பாலடினைக்கூட இக்கண்கொண்டு நோக்கினால், தீயோரோடு கூடலாகாது என்னும் அவனுடைய விதியே மேசைகளில் மிகுந்த வழக்குக்கு இடமளித்தது எனலாம்.

இவ்வகையில் 1984ஆம் ஆண்டின் கம்பானியன் தொகுதி கருதத்தக்கது. ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய இந்நூலில் பாலடின், நைட், அவெஞ்சர் என்பன பிறப்பிலேயே வந்தமையும் வகைகள் அல்ல. ஒன்பதாம் படிநிலை எய்தியும் நிலம் கொள்ளாது அலையும் வீரன், சமய அமைப்புக்கோ மன்னருக்கோ உறுதிமொழி அளித்து அந்நிலையை அடைகிறான். ஆட்டத்தின் தொடக்கத்தில் பகடை தீர்மானிப்பதற்கும், பல மாத ஆட்டத்திற்குப் பின் ஒருவர் தாமே தேர்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பின்னதில் கிளைவகை கதையின் விளைவாக அமைகிறது.

பெயரிட்டதால் இழந்தது

மாணவியின் விளக்கு இங்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது. ரேஞ்சருக்குத் தடம் காணும் திறன் உண்டு என்று நூல் எழுதியவுடன், ஏனைய வீரர் சேற்றில் பதிந்த காலடியைக் காண இயலுமா என்னும் ஐயம் எழுகிறது. 1974இல் அவ்வையம் இல்லை. ஆட்டக்காரர் தரையைப் பார்ப்பதாகச் சொன்னால் நடுவர் தெரிவதைச் சொல்வார். ஒருவருக்குப் பெயரிட்டு வழங்கிய திறன், பெயரிடாத பிறர்க்கு விலக்காகிவிடுகிறது. நூல் அவ்வாறு வெளிப்படையாகச் சொல்லாவிடினும் படிப்போர் அவ்வாறே கொள்கின்றனர்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இப்போக்கை முறைப்படுத்தியது. அதில் வீரன் இருபது படிநிலைகளில் பதினொரு கூடுதல் தனித்திறன்களைப் பட்டியலிலிருந்து தேர்கிறான். எதிரியின் படைக்கலத்தைத் தட்டிப் பறித்தலும் காலிடறச் செய்தலும் யாவருக்கும் இயலும். ஆனால் உரிய தனித்திறன் இல்லாதவர் முயன்றால் எதிரி அவரை முந்தி அடிக்கலாம். சட்டப்படி கதவு திறந்திருக்கிறது. நடைமுறையில் எவரும் நுழைவதில்லை. தெளிவும் நேர்மையும் வேண்டி எழுந்த முறை இது. நடுவரின் மனப்போக்கை மட்டுமே நம்பியிருந்த பழைய முறையில் நாவன்மை உள்ளவரே வென்றனர் என்னும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. எனினும் அதற்குக் கொடுத்த விலை, ஆட்டக்காரரின் கண் காட்சியிலிருந்து பட்டியலுக்கு நகர்ந்ததே ஆகும்.

மூன்றாம் பதிப்போடு வந்த திறந்த உரிமத்தின் துணையால் பழைய விதிகளை மீட்டெழுதிய நூல்கள் பின்னர்த் தோன்றின. ஆஸ்ரிக் 2006இலும், லேபிரிந்த் லார்ட் 2007இலும், சுவோர்ட்ஸ் அண்ட் விசர்ட்ரி 2008இலும் வெளிவந்தன. அவற்றின் வழிவந்த சில நூல்கள் வீரனின் சிக்கலுக்குப் புதிய விடை கண்டன. லேமென்டேஷன்ஸ் ஆஃப் தி ஃபிளேம் பிரின்சஸ் என்னும் நூலில் படிநிலைதோறும் தாக்கும் திறன் உயர்வது வீரன் ஒருவனுக்கே. எதையும் கூட்டாமல், பிறருடைய வளர்ச்சியை நிறுத்தியே அவனை ஒளிரச் செய்தது அந்நூல்.

2012இல் வெளிவந்த டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் கண்ட விடை அதனினும் செறிவானது. அதில் வீரனுடைய நிலையான தாக்கும் எண் நீக்கப்பட்டு, அதனிடத்தில் ஒரு சிறு பகடை வைக்கப்பட்டது. முதற்படிநிலையில் அது மூன்று முகம் கொண்டது. உருட்டுவதற்கு முன் ஆட்டக்காரர் தாம் விரும்பும் அருஞ்செயலைச் சொல்ல வேண்டும். அடி பட்டு, சிறுபகடையில் 3 அல்லது அதற்குமேல் விழுந்தால் அச்செயலும் நிறைவேறும். இங்குப் பட்டியல் எல்லையாக நிற்பதில்லை. எடுத்துக்காட்டுகள் உள, எஞ்சியவை ஆட்டக்காரரின் சொல்லுக்கு விடப்பட்டுள்ளன. புறனடையையே விதியாக எழுதிய நூல் என்று இதனைக் கூறலாம். மாணவியின் வீரன் இம்மேசையில் இருந்திருந்தால், விளக்கைக் கவிழ்க்க மூன்றில் ஒரு வாய்ப்பேனும் அவ்வடிக்கு இருந்திருக்கும்.

மூன்று சோதனைகளும் ஒரு மாதிரியும்

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று சோதனைகளைத் திரட்டலாம். கிளைவகை மேசையில் புதிய தேர்வைத் தருகிறதா என்பது முதலாவது. அதன் விலையை அதனை ஏற்றவரே செலுத்துகிறாரா என்பது இரண்டாவது. பிறர் முன்பு செய்யக்கூடியதை அது தடுக்காமல் விடுகிறதா என்பது மூன்றாவது. மூன்றாவதே கடினமானது. யாவரும் முயலலாம், கிளைவகை அதனையே நல்ல நேரத்திலோ குறைந்த இழப்பிலோ செய்யும் என்று அமைத்தல் அதற்கு வழியாகும்.

திறனாய்வாளன் தன் அளவுகோலைத் தானும் சோதித்தல் வேண்டும் என்பதால் ஒரு மாதிரியை முன்வைக்கிறேன். 1981இல் டாம் மால்ட்வே தொகுத்த எளிய விதிகளின்மீது அமையும் இவ்வகையைக் கேடய வீரன் எனலாம். கையெட்டும் தொலைவில் நிற்கும் தோழர்மீது எதிரியின் அடி பட்டுவிட்டது எனத் தெரிந்தபின், சேதப் பகடை உருள்வதற்கு முன், அவ்வடியைத் தான் ஏற்பதாக அவன் அறிவிக்கலாம். கேடயம் எப்போதும் கையில் இருக்க வேண்டும். எனவே வாள் ஏந்தியவனாகப் பந்தம் பிடிக்க அவனால் இயலாது. நிலவறையின் இருளில் வேறொருவர் அவனுக்கு ஒளி காட்ட வேண்டும்.

முதற்படிநிலை வீரனின் உயிர்ப்புள்ளி எண்முகப் பகடையில் சராசரி 4.5. அறுமுகப் பகடைச் சேதம் சராசரி 3.5. ஆகவே ஓரடியை அவன் பெரும்பாலும் தாங்குவான், இரண்டாமடியைத் தாங்கான். ஒவ்வொரு சுற்றிலும் யாருக்காகத் தன் உயிரைச் செலவிடுவது என்று அவன் முடிவு செய்தாக வேண்டும்; முதற்சோதனை நிறைவுறுகிறது. விலை அவனுடைய குருதி, இரண்டாவதும் நிறைவுறுகிறது. இடைகழியில் தோழர்க்கு முன்னே சென்று நிற்க எந்த வீரனாலும் இயலும். ஆனால் அவன் அடி விழுமுன்பே அதனை முடிவு செய்திருக்க வேண்டும். கேடய வீரன் அடி பட்டபின் முடிவு செய்கிறான். பிறர் கை கட்டப்படவில்லை. இவன் நேரம் மட்டும் நீண்டது. பந்தம் பிடிப்பவரின் சுமை இரண்டாம் சோதனையைச் சற்றே மீறுகிறது என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பு நியாயமானதே, ஆயினும் அச்சுமை பூசலை விளைவிக்காது, ஒருவரையொருவர் சார்ந்து நிற்கச் செய்கிறது என்பது என் விடை.

முடிவுரை

போர்வீரனின் கிளைவகைகளின் வரலாறு, பெருமளவுக்கு, ஒருவனுக்கு மேலும் எதைக் கொடுக்கலாம் என்னும் கேள்வியின் வரலாறாகவே நடந்துவந்துள்ளது. அவன் உலகோடு எவ்வாறு பிணைந்திருக்கிறான், அப்பிணைப்பிற்கு எதைக் கைவிடுகிறான் என்று கேட்ட இடங்களிலேயே நினைவில் நிற்கும் வகைகள் தோன்றின. ரேஞ்சரின் குதிரை சுமக்கும் மூட்டையும், பாலடினின் பத்துப் பொருளும், நிலமற்ற வீரனின் உறுதிமொழியும் அதற்குச் சான்றாகின்றன.

இன்னொன்றும் கூற வேண்டும். கிளைவகைகளை வகுப்போர் தாம் வகுக்கும் வகையை ஏற்பவரையே எண்ணுகின்றனர். அதே மேசையில் பட்டியல் ஏதுமின்றி எளிய வீரனை ஏற்று அமர்ந்திருப்பவரையும் எண்ணுதல் அவர்தம் கடமையாகும். மதிப்பீட்டுப் பட்டியல்களை நாள்தோறும் வகுக்கும் நமக்கும் இது புதிதன்று. பட்டியலில் இல்லாத ஒன்றை மாணவர் செய்ய விழையும்போது, நூலைப் புரட்டுவதற்கு முன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தல் நன்று. அன்று விளக்கு கவிழ்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அம்மேசையிலிருந்த எவரும் இனி அறியப்போவதில்லை.